ஏட்டைத் திறக்கும் குழந்தை

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுருத பஞ்சமி எழுத்துக்கு எடுக்கப்படும் விழா. சேட்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாளில், கோயில்களிலும் இல்லங்களிலும் பேணப்படும் சுவடிகளும் நூல்களும் வெளியே எடுக்கப்பெற்று, தூசு துடைக்கப்பெற்று, புதிய துணியில் பொதியப்பெற்று வழிபடப்படுகின்றன. இவ்விழாவின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். கிர்நார் மலைக் குகையில் தவமிருந்த தரசேன ஆசாரியர், செவிவழியே வந்த ஆகம அறிவு மனித நினைவின் தளர்ச்சியால் மறைந்துவிடுமோ என்று அஞ்சினார். தம்மை நாடி வந்த இரு முனிவர்களுக்கு அதனைக் கற்பித்தார். புட்பதந்தர், பூதபலி என்னும் அவ்விருவரும் கற்றதனை எழுத்தில் வடித்தனர். அவ்வாறு தோன்றிய சட்கண்டாகமம் நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமி என்பது மரபு.

இவ்விழா பெரும்பாலும் மே மாத இறுதியிலோ ஜூன் மாதத்திலோ வருகிறது. தமிழகத்துப் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறக்கும் காலமும் அதுவே. கோயிலில் ஏடு திறக்கப்படும் அந்நாட்களில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வயதுக் குழந்தைகள் முதன்முறையாக வகுப்பறைக்குள் கால் வைக்கின்றனர். முன்னோர் ஏட்டைக் காத்துத் தந்துவிட்டனர். அதனைத் திறந்து பொருளுணர்ந்து படிக்கும் கண்ணை இக்குழந்தைகளிடம் உருவாக்குவது எப்படி? இவ்வுரையின் பொருள் அதுவே.

இப்பகுதியின் வகுப்பறை எத்தகையது என்பதை முதலில் காண வேண்டும். வடக்கே ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திர மாநிலம்; எல்லையோர ஊர்களில் பல இல்லங்களின் பேச்சுமொழி தெலுங்கு. கிழக்கே பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவர் குடும்பங்கள். ஆங்காங்கே இருளர் குடியிருப்புகள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உண்டு. சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் உழைக்க ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர், வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவர்களுள் பலர் மனைவி மக்களோடு வந்தவர்கள். இத்தனை வீடுகளின் குழந்தைகளும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே தமிழ்ப் பாடநூலின் முதற்பக்கத்தை விரிக்கின்றனர். பக்கம் ஒன்றாயினும், அதனை நோக்கும் செவியும் நாவும் ஒன்றல்ல.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், செங்குன்றத்தை அடுத்த அழிஞ்சிவாக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் 2022ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றால் 2020 மார்ச்சு மாதம் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. முதல் வகுப்பின் பாயில் ஒருநாளும் அமராத குழந்தைகள் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் வந்து அமர்ந்தனர். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025ஆம் ஆண்டுக்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அத்திட்டத்தின் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகளை வகுப்பால் மட்டும் பிரிக்காமல், எட்டிய நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்தி, அந்தந்த நிலைக்குரிய பயிற்சி நூலைக் கையில் தருவது அதன் நடைமுறை.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கூறுவது வள்ளுவர் காலம் தொட்டு வரும் தமிழ் வழக்கு. சமண மரபுக்கு இவ்விரண்டும் இன்னும் நெருக்கமானவை. ஆதிநாதராகிய விருஷபதேவர் தம் பெண்மக்கள் இருவரையும் அருகில் இருத்திக்கொண்டு, பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று புராணம் கூறும். எழுத்துக்குப் பிராமி என்னும் பெயர் வந்தமைக்கும் அம்மரபு இதனையே காரணமாகக் காட்டும். அழிஞ்சிவாக்கத்துக்குத் தொலைவில் இல்லாத புழலில் அந்த ஆதிநாதருக்குப் பழமையான கோயில் உண்டு என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அக்கதையில் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதன்முதல் எழுத்தறிந்தவர்கள் பெண் குழந்தைகள். அவர்கள் கற்ற இடம் தந்தையின் மடி. அரசன் பெருங்கூட்டத்தைக் கூட்டிக் கற்பித்ததாகப் புராணம் கூறவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அணைத்து, அதன் விரலைப் பிடித்து, அதற்கு உரியதை அதற்குக் கற்பித்தார் என்றே கூறுகிறது.

இனி, வகுப்பறையின் உண்மை நிலைக்கு வருவோர் ஒரு காட்சியைக் காணலாம். இது எந்த ஒரு பள்ளிக்கும் உரியதன்று. எல்லாப் பள்ளிகளிலும் காணக்கூடியது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவளுடைய குறிப்பேட்டை விரித்தால் எழுத்துகள் முத்துப்போல் கோத்திருக்கும். கரும்பலகையில் உள்ளது ஒரு புள்ளியும் பிசகாமல் ஏட்டில் இருக்கும். பெற்றோர் பார்த்து மகிழ்வர். பார்வையிட வந்தவர் பாராட்டிக் கையொப்பமிடுவார். அவள் எழுதிய வரியையே விரலால் சுட்டி, “படி, கண்ணு” என்றால், அவள் தலை குனிந்துகொள்வாள். அவள் எழுத்தை எழுதவில்லை. கோட்டுச் சித்திரம் வரைந்திருக்கிறாள். அவ்வடிவங்களுக்குள் ஒலி இருப்பதை அவளுக்கு எவரும் காட்டவில்லை.

பார்த்து எழுதுதல் என்னும் இந்நோய் வெளியே தெரியாது. அழும் குழந்தையையும் அடம்பிடிக்கும் குழந்தையையும் ஆசிரியர் கவனித்துவிடுவார். அமைதியாக அமர்ந்து அழகாக எழுதும் குழந்தை கண்ணுக்குத் தப்பிவிடும். நான்காம் வகுப்பில் பாடம் நீளும்போதுதான் உண்மை வெளிப்படும். அப்போது அது, “கவனமில்லை”, “மந்தம்” என்னும் பெயர்களைப் பெறும். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கு வருவது குறையும். பிறகு ஒருநாள் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து அதே குழந்தை உருக்காலையின் வாயிலில் நிற்கும்போது, ‘அபாயம்’ என்று எழுதிய பலகையும் அதற்கு ஒரு சித்திரமே. ஊதியச் சீட்டும் ஒரு சித்திரமே. எட்டு வயதில் திறக்கப்படாத கண்ணுக்கு அக்குழந்தை வாழ்நாள் முழுதும் விலை கொடுக்கிறது.

எழுத்துக் கற்பித்தலில் முதல் வேலை வடிவத்தைக் காட்டுவது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் முதல் வேலை செவியைத் தீட்டுவது. ‘படம்’ என்னும் சொல்லைச் சொல்லச் செய்து, கைதட்டி, ப–ட–ம் எனப் பிரித்துக் கேட்கச் செய்ய வேண்டும். ‘படம்’ எந்த ஒலியில் தொடங்குகிறது, அதே ஒலியில் தொடங்கும் வேறு சொல் என்ன என்று கேட்டால், ‘பல்’, ‘பட்டு’, ‘பந்து’ என்று குழந்தைகள் போட்டியிட்டுச் சொல்வர். அந்த ஒலி நாவில் நின்றபின், “இவ்வொலிக்கு இதுதான் வடிவம்” என்று ‘ப’ என்னும் எழுத்தைக் காட்டினால், அது மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே தன்னிடம் உள்ள ஒலிக்கு ஓர் உருக் கிடைத்ததாகக் குழந்தை மகிழும். அகர வரிசையைப் பாடலாக ஒப்பிப்பது நல்லதுதான். ஆயினும் ஒப்பிக்கும் குழந்தை படிக்கும் குழந்தையாகிவிட்டது என்று மயங்கலாகாது. வரையவும் படிக்கவும் எளிய ட, ப, ம போன்ற சில எழுத்துகளைக் கொண்டே படம், மடம், பட்டம் எனச் சொற்களை உடனே படிக்கச் செய்வது பயன் தரும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்ட குழந்தை இரண்டாம் வாரத்தில் மற்றொன்றைத் தானே தேடும்.

தமிழில் எழுத்து 247 என்றதும் பெற்றோர் மலைக்கின்றனர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவை கூடிப் பிறப்பன உயிர்மெய் 216. ஆயினும் 216 வடிவங்களைத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. துணைக்கால், மேல்விலங்கு, மேல்விலங்குச் சுழி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்னும் குறியீடுகளின் வேலை புரிந்தால் பெரும்பகுதி தானே திறக்கும். முன்பு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளுக்குத் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் கையாண்ட சீர்திருத்த வடிவங்களை 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றபின் அவையும் பொதுமுறைக்குள் வந்துவிட்டன. எஞ்சிய கடினம் உகர, ஊகார வரிசைகளில்தான் இருக்கிறது. கு, சு, டு, து, மு எனக் குறியீடு எழுத்துக்கு எழுத்து மாறுவதால், அந்த 36 வடிவங்களுக்குக் கூடுதல் காலம் ஒதுக்க வேண்டும். எது முறைக்கு உட்பட்டது, எது தனியே பழக வேண்டியது என்று பிரித்தறிந்த ஆசிரியர் குழந்தையின் சுமையைப் பாதியாக்கிவிடுகிறார்.

மற்றொரு சிக்கல் கொம்பு. ‘கெ’ என்னும் எழுத்தில் காது முதலில் கேட்பது ககர ஒலி. கண் முதலில் காண்பது கொம்பு. ‘கொக்கு’ என்னும் சொல்லில் முதலெழுத்தின் உயிரொலி கொம்பாக முன்னும் துணைக்காலாகப் பின்னும் பிரிந்து நிற்கிறது. கண்ணின் வரிசையும் காதின் வரிசையும் வேறுபடும் இவ்விடத்தில் குழந்தை தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை அறியாமை என்று எண்ணிக் கடிந்துகொண்டால், அக்குழந்தை கொம்பைக் கண்டாலே வாய் மூடிக்கொள்ளும்.

வாய் மூடிக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது வீட்டுப் பேச்சு. இவ்வட்டாரத்துத் தமிழ்க் குழந்தை ‘பயம்’ என்று சொல்வது ‘பழம்’. ‘தண்ணி’ என்பது ‘தண்ணீர்’. வீட்டில் தாய் சொன்ன சொல்லை வகுப்பில் சொல்லும்போது சிரிப்பு எழுந்தால், குழந்தை அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிடும்: பள்ளியில் பேசாமல் இருப்பதே நன்று. முதலில் குழந்தையின் சொல்லை ஏற்று, “ஆமாம் தங்கம், அதைத்தான் புத்தகத்தில் ‘பழம்’ என்று எழுதியிருக்கிறார்கள்” என்று சொல்லும் ஆசிரியர், வீட்டிலிருந்து ஏட்டுக்கு ஒரு பாலம் இடுகிறார். ழகரம் மெல்ல வரும். மூடிய வாய் திறப்பதுதான் கடினம்.

வேற்றுமொழிக் குழந்தையின் நிலை இன்னும் நுட்பமானது. இந்தியோ ஒடியாவோ பேசும் வீட்டில் ககர வரிசையில் மட்டும் நான்கு வல்லொலிகளுக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழிலோ ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. தமிழ்க் குழந்தை இதனை உணராமலே சரியாக ஒலிக்கும், அச்சொற்கள் அதன் நாவில் முன்பே இருப்பதால். அச்சொற்களையே கேட்டறியாத குழந்தை எப்படி ஒலிக்கும்? அவ்வாறே எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் அம்மொழிகளில் குறில் நெடில் எனப் பிரிவதில்லை. ஆகவே ‘பெட்டி’யும் ‘பேட்டி’யும், ‘கொடி’யும் ‘கோடி’யும் அச்செவிக்கு ஒன்றுபோலவே கேட்கும். தெலுங்குக் குழந்தைக்கு இக்குறில் நெடில் வேற்றுமையில் தொல்லை இல்லை. அதன் தொல்லை ழகரத்தில். ஒரே பிழையை இரு குழந்தைகள் செய்தாலும் காரணம் வேறுவேறாக இருக்கலாம் என்பதை அறிந்த ஆசிரியரே மருந்தறிந்த மருத்துவர். இக்குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் எழுத்தைவிடப் பேச்சே தேவை: விளையாட்டு, பாட்டு, படம் பார்த்துக் கதை, தோழர்களோடு உரையாடல். பேச்சு வராமல் எழுத்தைத் திணித்தால், பார்த்து எழுதும் சித்திரக்காரர் கூட்டத்தில் இன்னொருவர் சேர்வார்.

செங்கற்சூளைப் பிள்ளைகளின் நிலையையும் இங்கே சொல்லாமல் இருத்தல் ஆகாது. இம்மாவட்டத்துச் சூளைகளில் பணிபுரிய ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் பனிக்காலத்தில் வந்து, மழை தொடங்குமுன் திரும்பிவிடுகின்றன. ஊரில் பாதி ஆண்டு, இங்கே பாதி ஆண்டு. இரண்டு இடத்திலும் பாடம் நடுவில் அறுந்துபோகிறது. அவர்களுக்காக ஒடியா நூல்களைக் கொண்டும் அம்மொழி அறிந்த ஆசிரியரைக் கொண்டும் சிறப்பு மையங்கள் இம்மாவட்டத்தில் நடத்தப்பட்டதுண்டு. ஊர் திரும்பும் குழந்தைக்குத் தாய்மொழி எழுத்து அறுபடலாகாது என்னும் எண்ணம் போற்றத்தக்கது. ஆதிநாதர் பிராமிக்கு உரியதைப் பிராமிக்கும் சுந்தரிக்கு உரியதைச் சுந்தரிக்கும் கொடுத்தாற்போல, இக்குழந்தைக்கு உரியது எது என்று கேட்ட முயற்சி அது.

குழந்தைக்கேற்பக் கற்பித்தல் என்பது அண்மைக் காலத்துப் புதுமை என்று எண்ண வேண்டா. தமிழுக்கு நன்னூல் தந்த பவணந்தி முனிவர் சமணர். சீயகங்கன் வேண்டுகோளால் அந்நூலை இயற்றிய அவர், இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்தில் ஆசிரியர், மாணாக்கர் இயல்பை விரித்துரைத்தார். கற்போன் எவ்வகையில் ஏற்பானோ அவ்வகையை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி கற்பித்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஆகாத ஆசிரியருக்கு அவர் காட்டும் உவமைகள் இன்றைய தொடக்கப் பள்ளிக்கும் பொருந்துவன. கழற்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட வரிசையில் காய்கள் வெளிவருவதில்லை. எளியது எது, அரியது எது என்னும் ஒழுங்கின்றி எழுத்துகளைக் கொட்டும் கற்பித்தல் அக்கழற்குடம். வாய் குறுகிய குடுக்கையில் பஞ்சை அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. தானும் வருந்திக் குழந்தையையும் வருத்தும் கற்பித்தல் அப்பருத்திக் குண்டிகை.

மாணாக்கருள் கிளியை அவர் இடைநிலையில் வைத்தது சிந்திக்கத்தக்கது. கிளி சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது. ஒப்பித்தலும் பார்த்து எழுதுதலும் கிளியின் கல்வி. ஆனால் ஒரு குழந்தை கிளியாகவே பிறப்பதில்லை. வகுப்பறை அதனைக் கிளியாகப் பழக்குகிறது. பழக்கிய வகுப்பறையே அதனைப் பாலைப் பிரித்தறியும் அன்னமாகவும் ஆக்க வல்லது.

அதற்கு வழி யாது? தரசேனர் வரலாற்றிலேயே விடை உண்டு. தம்மிடம் வந்த இருவரின் தகுதியை அறிய விரும்பிய ஆசாரியர், ஒருவருக்கு ஓர் எழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவருக்கு ஓர் எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் அளித்தார். அவர்கள் ஓதியபோது ஒரு தேவதை பல் நீண்டும், மற்றொரு தேவதை ஒற்றைக் கண்ணோடும் தோன்றினர். தேவதையின் உருவம் இவ்வாறு இராது என்று தெளிந்த இருவரும் தத்தம் மந்திரத்தை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து, மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் செவ்வடிவில் தோன்றினர். ஆசாரியர் பிழையைச் சுட்டவில்லை. பிழையின் விளைவைக் காணச் செய்தார். திருத்தம் மாணவரிடமிருந்தே பிறந்தது.

இரண்டாம் வகுப்புக் குழந்தை, ‘காலையில் பல் குடித்தேன்’ என்று எழுதுகிறது. சிவப்பு மையால் சுழித்து, “பத்து முறை எழுது” என்பது ஒரு வழி. குழந்தை பத்து முறை பார்த்து எழுதும். பிழை எது என்று மட்டும் அறியாது. மற்றொரு வழி, ஆசிரியர் அவ்வரியை உள்ளபடியே உரக்கப் படித்து, “பல்லையா குடித்தாய்?” என்று வியப்பது. குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு தன் வரியை உற்றுநோக்கும். ஒரு துணைக்கால் குறைந்திருப்பதைத் தானே கண்டு சேர்க்கும். ஒற்றைக் கண் தேவதைக்கு மறு கண் வந்துவிட்டது. ‘பட்டம்’ என்பதனைப் ‘பாட்டம்’ என்று எழுதிய குழந்தையும் அவ்வாறே நீண்ட பல்லைத் தானே களையும். அந்நொடியில்தான் அது எழுத்துக்குள் ஒலியும், ஒலிக்குள் பொருளும் இருப்பதை உணர்கிறது. அதன்பின் அக்குழந்தையைக் கிளியாக்க எவராலும் இயலாது.

பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுத்தை எழுதி, எழுதும்போதே வாயால் ஒலித்தனர். முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்டிரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் இம்முறையைக் கண்டு தம் இல்லத்தில் கையாண்டார். 1797ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. 1939ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலிப்பது உண்டு. 2003ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தை தன் ஏணியில் தன் படியிலிருந்து ஏறியது. பெயர்கள் மாறின, திட்டங்கள் மாறின. விரலும் நாவும் செவியும் ஒன்றாக உழைக்க வேண்டும், குழந்தை நிற்கும் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் இரண்டும் மாறவில்லை.

இதனை ஆசிரியரின் பொறுப்பு என்று மட்டும் சொல்லி ஒதுங்குவது முறையன்று. பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையின் ஒலியையும் நாள்தோறும் கேட்பது அரிய செயல். இங்கேதான் இச்சபைக்கு வேலை இருக்கிறது.

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமண அறம் வற்புறுத்துகிறது. பள்ளிக் குழந்தைக்கு நண்பகல் உணவு நெடுங்காலமாகக் கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. வயிறு நிரம்பிய குழந்தைக்கு அடுத்து வேண்டுவது சாத்திர தானம்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அறக்கட்டளைகள் குறிப்பேடும் எழுதுகோலும் பையும் வழங்குகின்றன. நல்ல செயலே. ஆயினும் படிக்கத் தெரியாத குழந்தையின் கையில் வெற்றுக் குறிப்பேட்டை மட்டும் கொடுத்தால், பார்த்து எழுத இன்னும் இருநூறு பக்கம் கொடுத்ததாகவே முடியும். குறிப்பேட்டோடு ஒரு கதைநூலும் சேரட்டும்: பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு வரி, நிறையப் படம். ஒரு குழந்தைக்கு ஒரு நூல் கொடுத்தால், முப்பது குழந்தைகள் மாற்றி மாற்றி முப்பது நூல் படிப்பர். இயன்றால் தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் உடன் அச்சிட்ட நூல்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செல்லட்டும். படிக்கத் தெரிந்த தந்தை தன் மொழியில் படிப்பார், மகள் தமிழில் படிப்பாள்.

இரண்டாவது, காலத் தானம். ஓய்வுபெற்ற பெரியோர்களும் இல்லத்தரசியரும் வாரத்தில் இரண்டு நாள் மாலை அரைமணி நேரம் தலைமையாசிரியரின் இசைவோடு ஒரு பள்ளிக்கோ குடியிருப்புக்கோ சென்று, ஐந்து குழந்தைகளைச் சுற்றி இருத்திக் கதையை உரக்கப் படிக்கலாம். பின், குழந்தை படிப்பதைக் கேட்கலாம். கற்பிக்கவே வேண்டா; பொறுமையோடு கேட்டாலே போதும். பல குழந்தைகள் படித்துக் காட்ட ஒரு செவி கிடைக்காமலே வளர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது, தொழில் நடத்தும் அன்பர்களுக்குரியது. புதிய தொழிலாளர் குடும்பம் வந்தவுடன் அக்குழந்தையைப் பற்றி அருகிலுள்ள பள்ளிக்குத் தெரிவிக்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது என்றோ குழந்தையைத் திருப்பி அனுப்புதல் கூடாது. இச்செய்தி பல பெற்றோருக்குத் தெரியாது. ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னால், ஒரு குழந்தை அடுத்த நாளே பள்ளியில் இருக்கும்.

நான்காவது, ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே செய்யத்தக்கது. பேரக் குழந்தையின் குறிப்பேட்டைப் பார்த்து, “எவ்வளவு அழகான கையெழுத்து!” என்று மகிழ்வதோடு நின்றுவிடாமல், “இதைப் படித்துக் காட்டு, கண்ணு” என்று கேட்க வேண்டும். அது தடுமாறினால் கோபம் வேண்டா. மடியில் இருத்திக்கொண்டு, விரலைப் பிடித்து, ஒலியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

இன்று சுவடிகளைத் தூசு துடைத்துப் புதிய துணியில் பொதிந்து வைத்தாயிற்று. நாளை பள்ளி மணி அடிக்கும்போது, கும்மிடிப்பூண்டியின் ஏதோ ஒரு வகுப்பறையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அச்சிறுமியின் அருகில், இச்சபையிலிருந்து ஒருவரேனும் சென்று அமர்ந்து, அவள் படிப்பதைக் கேட்பாராக. அடுத்த சுருத பஞ்சமிக்குள் அவள் ஒரு கதைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே படித்து முடிப்பாளாயின், அதுவே இவ்வாண்டின் சாத்திர தானம்.